சோலார் வரட்டும், ஓடைய யாரக் கேட்டு அடைக்கீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென் மாவட்டத்துல சோலார் முதலீடு, காத்தாலை முதலீடுன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, கூடவே நீலக் கலர்ல வரிசையா பேனல் நிக்கிற போட்டோவும் வருது. வேலிக்கு இந்தப் பக்கம் என்ன கெடக்குன்னு மட்டும் ஒரு நாளும் வரல, அதான் எழுதுதேன். கொஞ்சம் நீளமாப் போகும், எடம் பத்தலன்னா எங்க வேணும்னாலும் வெட்டிக்கிடுங்க, ஓடையும் பாதையும் வர்ற எடத்த மட்டும் விட்டுருங்க.

நான் ராதாபுரம் தாலுகா. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அதுலயே பட்டா எடுத்துக் குடுக்கது, வில்லங்கம் போட்டுக் குடுக்கது, மனு டைப் பண்ணிக் குடுக்கது எல்லாம் உண்டு, கூட கொஞ்சம் மானாவாரி நிலமும் இருக்கு. ஒரு ஊர்ல நிலம் கைமாறப் போகுதுன்னா டீக்கடைக்கு முன்னாடி எங்க கடைக்குத் தெரிஞ்சிரும். அடுத்தடுத்த சர்வே நம்பரா ஒரு தாள்ல எழுதி, வெள்ளச் சட்டையோட ஒருத்தர் வந்து "அண்ணாச்சி, இதுக்கெல்லாம் எஃப்எம்பி எடுத்துக் குடுங்க"ன்னு நின்னாருன்னா சோலாருக்கு எடம் பாக்காங்கன்னு அர்த்தம். எஃப்எம்பின்னா நிலத்தோட அளவுப் படம். அந்தத் தாளப் பாத்தாலே எந்த ஓடை உள்ள போகுது, எந்த வண்டிப்பாதை உள்ள போகுதுன்னு எனக்கு ஓரளவு தெரிஞ்சிரும், ஊருக்குள்ள கம்பித்தூண் வந்து எறங்குன பொறவுதான் தெரியும்.

மொதல்லயே சொல்லிருதேன், கரண்டு வேண்டாம்னு சொல்லல. கரண்டு விஷயத்துல நெல்லச் சீமை மாதிரி குடுத்த பூமி கெடையாது. 1944-லயே பாபநாசத்துல தண்ணியில கரண்டு எடுத்தாச்சு. கூடங்குளத்துல 1000 மெகாவாட் யூனிட் ரெண்டு ஓடுது, மேல நாலு கட்டிக்கிட்டு இருக்காங்க. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்துக்குப் பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம், லெவிஞ்சிபுரம்னு எந்தப் பக்கம் திரும்புனாலும் காத்தாடிதான், வைகாசில இருந்து புரட்டாசி வரைக்கும் அந்தச் சத்தத்துலதான் எங்க பிள்ளைங்க தூங்குது. தமிழ்நாட்டுல இப்ப காத்தாலை மட்டும் 11 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல நிக்கு, அதுல எங்க தாலுகா பங்கு சின்னதில்ல. நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல்னு எனக்கும் தெரியும். நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான், இதுல எந்த முடிவ எடுக்கும்போது ஊர்ல ஒரு ஆளக் கேட்டீங்க?

நடக்குற விதம் எப்படின்னா, ஒரு மெகாவாட் சோலாருக்கு 4, 5 ஏக்கர் வேணும், 100 மெகாவாட்னா 400, 500 ஏக்கர். கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் பிளான்ட் கிட்டத்தட்ட 2,500 ஏக்கர். நம்ம பக்கம் அவ்வளவு நிலம் ஒரே ஆளு கையில எங்க இருக்கு, அரை ஏக்கர் ஒன்றரை ஏக்கர்னு துண்டு துண்டாக் கெடக்கும், பாதி கூட்டுப் பட்டா, அந்தக் கூட்டுப் பட்டாவுல பாதிப் பேரு பம்பாய், மீதிப் பேரு சென்னை, திருப்பூர். அதனால புரோக்கர் மொதல்ல பம்பாய்க்குத்தான் ரயில் ஏறுவான். தாத்தா பேர்ல கெடக்குற நிலத்தப் பேரன் கண்ணால பாத்திருக்க மாட்டான், சொன்ன வெலைக்கு பவர் பத்திரம் எழுதிக் குடுத்துருவான். அவனையும் தப்பு சொல்ல முடியாது, உளுந்து போட்டா ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் வெதச்ச காசே திரும்பும், அந்த நிலத்த வித்து பொண்ணுக்குக் கல்யாணம் முடிச்சவங்க எங்க தெருவுலயே உண்டு, நானே அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வந்திருக்கேன்.

பிரச்சின விக்காதவனுக்குத்தான். நாலு பக்கமும் வாங்கி வேலி போட்டுட்டா அவன் நிலத்துக்கு டிராக்டர் போக வழி இருக்காது, உர மூட்டையத் தலைச்சுமையாக் கொண்டு போகணும், வெளஞ்சத வெளிய கொண்டு வர்றதுக்குள்ள உசுரு போயிரும். அடுத்த வெதப்பு வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பான், அதுக்குப் பொறவு அவனே புரோக்கருக்கு போன் போடுவான், அப்ப வெல பாதிதான். பாதையக் கேட்டுப் போனா "ரெக்கார்டுல பாதை இல்லயே"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க. தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து மாட்டுவண்டி போன தடம்தான், ஆனா நிலப் பதிவையெல்லாம் புதுப்பிக்க 80-கள்ல நடந்த யூடிஆர் சர்வேல எத்தனையோ வண்டிப்பாதை பதிவாகாமயே போச்சு, அப்ப யாரும் பெருசா எடுத்துக்கிடல, ஏன்னா அப்ப வேலி போட ஆளு கெடையாது.

பாதைக்கு அந்தச் சாக்குச் சொன்னா ஓடைக்கு என்ன சாக்கு? எஃப்எம்பி-ல ரெண்டு கோடு வளஞ்சு வளஞ்சு போகும், ஊர் நிலக் கணக்கான ஏ ரெஜிஸ்டர்ல ஓடைப் புறம்போக்குன்னு தெளிவா எழுதிருக்கும். எங்க ஊருக்கு மேக்க அப்படி ஒரு ஓடை. மழை இல்லாத காலத்துல பாத்தா ஓடைன்னே தோணாது, ரெண்டு கரையிலயும் உடைமரமும் வடலியும் நிக்கும், நடுவுல குறுமணலும் ஆட்டுப் புழுக்கையும் கெடக்கும். அதுக்குக் குறுக்க லாரி போறதுக்குச் செம்மண்ணக் கொட்டி ரோடு ஏத்தி, அடியில ஒத்த சிமிண்டுக் குழாய் வச்சிருக்காங்க, அதுக்குள்ள ஆட்டுக்குட்டி நுழையும், ஆளு குனிஞ்சாலும் நுழைய முடியாது. கம்பி வேலியும் ஓடைக்குள்ள எறங்கி அந்தப் பக்கம் ஏறுது. மொத மழைக்கே சருகு, உடமுள்ளு, பாலித்தீன் பை, யாரோ விட்ட ஒத்தச் செருப்பு எல்லாம் வந்து வேலில அப்பி, கம்பி வேலி செவராயிட்டு. தண்ணி சும்மா நிக்குமா, தெக்க திரும்பி பக்கத்து உளுந்துக்குள்ள ஏறி, அங்கன இருந்து தார் ரோட்டுக்கு வந்து, ரோட்ட ஒரு ஆள் ஆழத்துக்கு அரிச்சிட்டுப் போச்சு. குளத்துக்குப் போக வேண்டிய தண்ணி அது. அந்த வருசம் குளம் பாதி கூட பெருகல.

மனு குடுத்தோம். நான்தான் டைப் பண்ணேன், எஃப்எம்பி, போட்டோ எல்லாம் சேத்து. "மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது"ன்னு பதில் வந்துச்சு, வந்துக்கிட்டேதான் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18-ல பேஞ்ச மழைய நம்ம மாவட்டத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க, பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அப்படி ஒண்ணு இன்னொரு தடவ வந்தா அந்த ஒத்தக் குழாய் என்ன செய்யும்னு கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒரு நாள் எங்க ஓடைல வந்து நின்னு சொல்லட்டும்.

இப்ப சட்டத்துக்கு வாரேன், ஏன்னா கூத்தே அங்கதான் இருக்கு. ஒரு பெரிய கல்குவாரி வரணும்னா 2006-ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தணும். 30 நாளுக்கு முன்னாடியே பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், கலெக்டரோ அவருக்குப் பதில் ஒரு பெரிய அதிகாரியோ உக்காரணும், பேசுறத எல்லாம் வீடியோ எடுக்கணும். அந்தக் கூட்டத்துக்கு வேன்ல ஆளக் கூட்டிட்டு வந்து கை தட்ட வைக்காங்க, பிரியாணி போடுதாங்கன்னு நமக்குத் தெரியாததா, ஆனாலும் நம்ம பேசுனது பதிவாகும், நாளைக்குக் கோர்ட்டுல காட்ட ஒரு தாளாவது கெடைக்கும். சோலாருக்கும் காத்தாலைக்கும் அது எதுவுமே வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல தொழில்கள சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு பிரிச்சு புதுசா வெள்ளைன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, சோலாரும் காத்தாலையும் அந்த வெள்ளைல வருது. வெள்ளைன்னா மாசு இல்லாத தொழில், வாரியத்துக்கிட்ட இசைவு வாங்கத் தேவையில்ல. பேனல்ல புகை வராது, சரி, ஒத்துக்கிடுதேன். 500 ஏக்கர் தரைய வழிச்சு எடுத்து, உடைமரத்தப் பிடுங்கி, ஓடைல மண்ணக் கொட்டுறது எந்தக் கலர்ல வரும்?

கருத்துக்கேட்புக்கு என்ன மரியாதைன்னு கேக்கவங்களுக்கு நம்ம ஊர்க் கதையே இருக்கு. கூடங்குளத்துல அணு உலைல எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள உலைக்கு வெளிய வச்சுப் பாதுகாக்க ஒரு கட்டடம் கட்டணும்னு 2019 ஜூலை 10-ந்தேதி கருத்துக்கேட்புக் கூட்டம்னு அறிவிச்சாங்க. அறிவிப்பு வந்ததாலதான் ஊருக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சதாலதான் எதிர்ப்பு கெளம்புச்சு, கூட்டத்தத் தள்ளி வச்சாங்க. திட்டம் நல்லதா கெட்டதாங்கிற வாதத்துக்குள்ள நான் இப்ப போகல. சொல்லிட்டுச் செஞ்சா வாய் தொறந்து கேக்கதுக்காவது ஒரு நாள் இருக்கு. எங்க ஓடைக்கு அந்த ஒரு நாளும் கெடைக்கல.

சரி, சட்டம் கேக்கல, அதனால கலெக்டர் கைய கட்டிப்போட்டாச்சான்னா அதுவும் இல்ல. மேய்ச்சல் புறம்போக்கு, களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு இதெல்லாம் ஊராட்சிப் பொறுப்புன்னு 1994 பஞ்சாயத்துச் சட்டத்துலயே இருக்கு. ஊர்ப் பொது நிலத்த ஆக்கிரமிச்சா எடுக்கணும்னு 2011-ல சுப்ரீம் கோர்ட் பஞ்சாப் வழக்குல எல்லா மாநிலத்துக்கும் சேத்துத்தான் சொல்லிருக்கு. ஹைடென்ஷன் லைன் டவர் என் நிலத்துல வேண்டாம்னு ஒருத்தன் மறுத்தா அதக் கேட்டு முடிவு சொல்லுற அதிகாரம் கலெக்டர்கிட்டதான் இருக்கு. பனைய வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சாங்க, மாநில மரம் வேற. சோலாருக்கு எடம் சுத்தம் பண்ற ஜேசிபி பனைகிட்ட வந்து நின்னு "கலெக்டர் லெட்டர் எங்க"ன்னு கேட்டதா நீங்க எங்கயாவது கேள்விப்பட்டீங்களா? ஒரு பனை ஆளாகி பதநீ குடுக்க பத்து பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகும், ஜேசிபிக்கு ரெண்டு நிமிசம். பனையேறி வீட்டுக்காரங்க அந்தப் பக்கம் போய் நின்னு பாத்துட்டு வந்து என் கடைத் திண்ணைல ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாங்க, என்னத்தச் சொல்ல.

எனக்குப் புரியவே புரியாத ஒண்ணு, தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய். வெள்ளத்துல கடலுக்குப் போற தண்ணிய வெள்ளாங்குழிகிட்ட கன்னடியன் கால்வாய்ல இருந்து எடுத்து, நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் கொண்டு வந்து எம்.எல்.தேரி (தேரின்னா செம்மணல் காடு) வரைக்கும் விடுற திட்டம். 75 கிலோமீட்டர், 2009-ல ஆரம்பிச்சு 2025 பிப்ரவரி 7-ந்தேதி முதலமைச்சர் ஸ்டாலின் வந்து திறந்து வச்சாரு, ஆயிரம் கோடிக்கு மேல செலவு. எங்க அப்பா தலைமுறை ஆசைப்பட்டது, இப்பதான் கண்ணால பாக்கோம். தண்ணிய இங்க கொண்டு வரதுக்கு ஒரு துறை இவ்வளவு பாடுபடுது, அதே வறண்ட நிலத்த "விவசாயத்துக்கு ஆகாத தரிசு"ன்னு சொல்லி 25 வருசத்துக்குக் கம்பி வேலி போட இன்னொரு பக்கம் கதவத் தொறந்து விட்டிருக்கு. கால்வாய்த் தண்ணியால எந்தக் குளம் பெருகும், எந்த நிலம் நனையும்னு கலெக்டர் ஆபீஸ்ல மேப் இல்லாமலா இருக்கும், அத விரிச்சு வச்சு இந்த நிலம் விவசாயத்துக்கு, இந்தத் தேரி பேனலுக்குன்னு பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆடு மாட்டக் கணக்குலயே யாரும் எடுக்கது இல்ல. பிசான நெல்லு நிக்கிற காலத்துல ஆத்துப் பாசனத்துப் பக்கம் ஆட்ட விட முடியாது, கிடைக்காரங்க எல்லாம் மானாவாரிக் காட்டத் தேடித்தான் வருவாங்க. செவ்வாடெல்லாம் நம்ம சீமைக்கே உரிய இனம், பொட்டக்காட்டுப் புல்ல மேஞ்சே வளரும். போன வருசம் ஒரு பெரியவர் நூறு நூத்தம்பது உருப்படிய ஓட்டிக்கிட்டு வந்து வேலி ஓரமா நின்னாரு. எப்பவும் போற தடத்துல கேட் போட்டுப் பூட்டிருக்கு. உள்ள இருந்த வாச்மேனும் பக்கத்து ஊர்ப் பையன்தான், "தாத்தா, நான் தொறந்தா எனக்கு வேல போயிரும், சுத்திப் போயிருங்க"ன்னு சொல்லுதான். "சுத்தின்னா எதுவரைக்கும்டே?"ன்னு அவரு கேட்டாரு. அவன் கையக் காட்டுனான், கடைசித் தூண் கண்ணுக்குத் தெரியல. கடைசில ஆட்ட எல்லாம் மெயின் ரோட்டு வழியா பத்திட்டுப் போனாரு, லாரிக்காரன் ஹாரன் அடிக்கான், குட்டி ஒண்ணு மிரண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுது.

கூந்தன்குளத்தையும் சொல்லணும். 1994-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சது, 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் வந்துட்டு. பறவைக்காகத் தீவாளிக்கு வெடி போடாத ஊரு. ஆனா அந்தப் பறவை கூந்தன்குளத்துலயும் காடன்குளத்துலயும் மட்டும் எர எடுக்கது இல்ல, சுத்துப்பட்டுக் குளம், வயல் எல்லாத்துக்கும் பறந்து போயிட்டுத்தான் சாயங்காலம் திரும்பும். பூநாரை மாதிரி பெரிய பறவைக்கு விடியக்காலமும் பொழுது மயங்குற மசண்ட நேரமும் கம்பி கண்ணுக்குத் தெரியாது. நாங்குநேரி பக்கம் புதுசா லைன் இழுக்கும்போது கம்பில பறவைக்குத் தெரியுற மாதிரி தட்டு மாட்டுனா பெரிய செலவு ஒண்ணும் ஆகிராது, யாராவது கேட்டாத்தான் மாட்டுவாங்க.

"பட்டா நிலம், வித்தவன் சந்தோசமா வித்தான், உமக்கு என்ன வே நோவுது?"ன்னு கடைல ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு. பட்டா நிலத்தப் பத்தி நான் பேசல. அவன் வித்தது அவனோட ஏக்கர, நடுவுல போற ஓடைய விக்க அவனுக்குப் பாத்தியதை கெடையாது, வாங்குனவனுக்கும் கெடையாது. வேலைவாய்ப்புன்னு சொல்லுவாங்க, கட்டுற வரைக்கும் வெளியூர் ஆளு வேல பாப்பாங்க, பொறவு வாச்மேனும் பேனல் கழுவ ஆளும்தான், அந்தக் கழுவுற தண்ணியும் எங்க இருந்து வருதுன்னு கேட்டா போர் தண்ணி. வேலவாய்ப்பு கங்கைகொண்டான் மாதிரி பேனல் செய்யுற எடத்துலதான் இருக்கு, நடுற எடத்துல இல்ல.

இன்னொண்ணு, புது நிலத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? எங்க பக்கம் 90-கள்ல நட்ட காத்தாடி எல்லாம் 225, 250 கிலோவாட்டு, அதுல பாதி கெழடு தட்டிப் போய் நிக்கு. இப்ப வர்ற ஒரு மெஷினே 2, 3 மெகாவாட் குடுக்கு. பழசக் கழட்டிட்டுப் புதுசு வைக்க 2024-ல மாநில அரசே ஒரு கொள்கை போட்டிருக்கு. ஏற்கனவே ரோடு போட்ட எடம், ஏற்கனவே லைன் இழுத்த எடம், அத மொதல்ல முடிங்க. வீட்டு மாடில சோலார் போட 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78 ஆயிரம் மானியம் குடுக்குது, எங்க கடைல அதுக்கு அப்ளை பண்ண வர்றவங்க ரொம்பக் கம்மி. பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், கோடவுன், பாளையங்கோட்டைல இருக்க காலேஜ் மாடி எல்லாம் வெயில்ல சும்மாதான காயுது.

நம்ம மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒண்ணு நடந்த பொறவு ஓடி வருவாங்க, ஓடி வந்தா நல்லாவே செய்வாங்க. 2022 மே மாசம் அடைமிதிப்பான்குளம் குவாரில பாறை சரிஞ்சு 4 பேரு செத்த பொறவுதான் மத்த குவாரிகளுக்கும் ஆய்வுக்குப் போனாங்க. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளா ஆஸ்பத்திரிக் கழிவக் கொட்டுனப்ப பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதும் கேரளாவுல இருந்து லாரி வந்து, அதுல ஏத்தித் திருப்பி அனுப்புனாங்க. அந்த வேகத்துல கால்வாசி முன்கூட்டியே இருந்தாப் போதும்.

கலெக்டர்கிட்ட உங்க பேப்பர் மூலமா கேக்கது இதுதான். சோலாரோ காத்தாலையோ எந்தக் கம்பெனி வந்தாலும், ரோட்டுக்கோ லைனுக்கோ அனுமதி குடுக்கதுக்கு முன்னாடி, எந்தெந்த சர்வே நம்பர், அதுக்குள்ள எந்த ஓடை, எந்தப் பாதை, எவ்வளவு மேய்ச்சல் புறம்போக்குன்னு படத்தோட பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டச் சொல்லுங்க, கிராம சபைல வைக்கச் சொல்லுங்க. வருசத்துக்கு ஆறு கிராம சபை நடக்கு, அதுல தண்ணி டேங்கு கழுவுனதப் பத்தி அரை மணி நேரம் பேசுதோம், இதப் பேச அஞ்சு நிமிசம் குடுங்க. சட்டம் கட்டாயம்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லலயே. வேலி போடுறதுக்கு முன்னாடி சர்வேயர் வந்து ஓடைக்கு ரெண்டு பக்கமும் கல்லு ஊனட்டும், ஓடையக் கடக்கணும்னா குழாய் இல்ல பாலம், நீர்வளத்துறைக்காரங்க பாத்து அகலம் சொல்லட்டும். யூடிஆர்ல விட்டுப்போன வண்டிப்பாதைய ஊர்ப் பெரியவங்கள வச்சு நடந்து பாத்துப் பதிவு பண்ணட்டும், இன்னும் பத்து வருசம் போனா அந்தத் தடம் தெரிஞ்ச ஆளு இருக்க மாட்டாங்க. பனையத் தலையாரி எண்ணி எழுதட்டும். 25 வருசம் கழிச்சு பேனல் செத்துப் போனா அதக் கழட்டி எடுத்துட்டுப் போறதுக்குக் கம்பெனிகிட்ட இப்பவே டெபாசிட் வாங்கி வைங்க, இல்லன்னா அந்தக் கண்ணாடிச் சில்லு எங்க பேரப்பிள்ளைங்க காலுலதான் குத்தும்.

எங்க ஓடைல கெடக்குற அந்தச் செம்மண்ண ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுக்கணும், இது தனி. கம்பெனிக்காரங்களே பொக்லைன் வச்சு ஒரு நாள்ல எடுத்துரலாம், உத்தரவு போட்டா.

கடிதத்தப் போட்டா என் பேரப் போட வேண்டாம், ராதாபுரம் வட்டார வாசகர்னு போட்டாப் போதும். வித்தவங்களும் என் கடைக்குத்தான் வாராங்க, விக்க மாட்டேம்னு நிக்கிறவங்களும் என் கடைக்குத்தான் வாராங்க, புரோக்கரும் இன்னைக்குக் காலைல எஃப்எம்பி எடுத்துட்டுத்தான் போயிருக்காரு, இந்தத் தடவ நம்பியாத்துக்குக் கெழக்க.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டார வாசகர்